எக்ஸாஸ்ட் வால்வு கசிந்தால்: அரைப்பதா, சீட் வெட்டுவதா, ஹெட்டையே மாற்றுவதா?

தண்ணீர் இறைக்கும் பழைய ஆயில் (டீசல்) எஞ்சினில், எரிந்த புகையை வெளியே விடும் எக்ஸாஸ்ட் வால்வு கசியத் தொடங்கிவிட்டால் ஆளுக்கொரு வழி சொல்வார்கள். பேஸ்ட் தடவிக் கையால் அரைத்தால் போதும் என்பார் ஒருவர். லேத் பட்டறையில் கொடுத்து சீட் (வால்வு மூடும்போது உட்காரும் விளிம்பு) வெட்டச் சொல்வார் இன்னொருவர். கைடு, வால்வு, சீட் மூன்றையும் புதிதாகப் போடு என்பது மூன்றாவது யோசனை. இவை எல்லாம் இருக்கும் ஹெட்டையே (சிலிண்டரின் மேல்மூடி) தூக்கிப் போட்டுவிட்டு வேறொன்று வாங்கு என்பவர்களும் உண்டு. நான்கும் சரியான வழிகள்தாம். எந்த எஞ்சினுக்கு எது என்பதில்தான் சிக்கல். பெரும்பாலோர் கழற்றிய வால்வின் முகத்தைப் பார்த்து முடிவெடுக்கிறார்கள். வால்வுத் தண்டு ஏறி இறங்கும் கைடைப் பார்த்து முடிவெடுக்க வேண்டும் என்பது என் கட்சி.

களக்காடு, ஏர்வாடி, சேரன்மகாதேவிப் பக்கம் வாழை வைத்திருப்பவர்களின் தொழுவில் இன்றும் ஓர் ஆயில் எஞ்சின் நிற்பதைப் பார்க்கலாம். விவசாயத்துக்கு இலவச மின்சாரம் 1990 முதல் இருக்கிறது. ஆனால் இணைப்புக்கு எழுதிக் கொடுத்துவிட்டுக் காத்திருப்பவர்களுக்கும், மும்முனை மின்சாரம் வரும் நேரத்துக்காக உட்கார்ந்திருக்க முடியாதவர்களுக்கும், கடைமடையில் குளத்துத் தண்ணீரை ஏற்றி இறைப்பவர்களுக்கும் அந்த எஞ்சின்தான் கை கொடுக்கிறது. என் கண்ணில் அதிகம் படுபவை இரண்டு ரகம். ஒன்று, நிமிடத்துக்கு 650 சுற்று ஓடும் 6 குதிரைத்திறன் லிஸ்டர் ரகம். இங்கிலாந்தில் பிறந்தது, ராஜ்கோட்டில் நகலெடுக்கப்பட்டு ஊர் ஊராகப் பரவியது. பெரிய சக்கரம், 'டுக் டுக்' சத்தம். மற்றொன்று, 1500 சுற்றில் ஓடும் 5 குதிரைத்திறன் கிர்லோஸ்கர் ரகம். இரண்டும் நான்கு வீச்சு எஞ்சின்கள் என்பதால் இரண்டு சுற்றுக்கு ஒரு முறை எக்ஸாஸ்ட் வால்வு திறந்து மூடும். லிஸ்டரில் அது நிமிடத்துக்கு 325 முறை; 1500 சுற்று எஞ்சினில் 750 முறை, அதாவது ஒரு மணி நேரத்தில் 45,000 முறை. இரண்டாவது ரகத்தில் வால்வு வேலை சீக்கிரம் வருவதில் வியப்பில்லை. 

முதலில், கசிவது எக்ஸாஸ்ட் வால்வுதானா என்று தெரிய வேண்டும். டீசலை நிறுத்திவிட்டு, கம்ப்ரஷனை (சிலிண்டருக்குள் காற்று அமுங்குவதை) விடுவிக்கும் லிவரைத் தூக்காமல், ஹேண்டிலை மெதுவாகச் சுற்றுங்கள். நல்ல எஞ்சின் கம்ப்ரஷனில் முட்டிக்கொண்டு நிற்கும், கொஞ்சம் விட்டால் ஹேண்டிலைத் திருப்பித் தள்ளும். கசியும் எஞ்சின் மெல்ல வழிவிடும். அந்த நேரத்தில் ஒருவர் சைலன்சரைக் கழற்றிவிட்டு எக்ஸாஸ்ட் துளையில் காது வைத்தால் 'உஸ்' என்ற சத்தம் கேட்கும். அதே சத்தம் ஏர் ஃபில்டர் பக்கம் கேட்டால் இன்லெட் வால்வு. எண்ணெய் ஊற்றும் மூடி வழியாகப் புகை அடித்தால் ரிங்கையும் லைனரையும் பார்க்க வேண்டும். அது வேறு கதை.

ஹெட்டைக் கழற்றும் முன் பைசா செலவில்லாத இரண்டு சோதனைகள் உண்டு. முதலாவது டேப்பெட் இடைவெளி, அதாவது வால்வுத் தண்டுக்கும் அதை அமுக்கும் ராக்கருக்கும் நடுவில் உள்ள இடைவெளி. எக்ஸாஸ்ட் வால்வு சூடாகும்போது தண்டு நீளும். அதற்கு இடம் விடாமல் இறுக்கி வைத்திருந்தால் சூடேறியதும் வால்வு முழுதாக மூடாது. எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது கையேட்டில் உள்ள அளவுக்கு ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) வைத்துச் சரிசெய்தாலே சில 'கசிவுகள்' மறைந்துவிடும். வால்வு முகமும் சீட்டும் தேயத் தேய இந்த இடைவெளி தானாகக் குறையும் என்பதால் ஆண்டுக்கணக்கில் யாரும் தொடாத எஞ்சினில் இதுதான் முதல் சந்தேகம். இரண்டாவது, ஹேண்டில் போடும்போது தூக்கும் அந்த லிவர். அது துருப்பிடித்துப் பாதியில் நின்றால் எக்ஸாஸ்ட் வால்வை லேசாகத் தூக்கியே பிடித்திருக்கும். ஹெட்டைக் கழற்றி, பேஸ்ட் வாங்கி, எல்லாம் முடித்த பிறகு லிவரில் குறை என்று தெரிந்துகொள்பவர்கள் உண்டு.

இரண்டும் சரியாக இருந்து சத்தமும் கேட்டால் தள்ளிப்போடக் கூடாது. எக்ஸாஸ்ட் வால்வின் தலை நல்ல சுமையில் 600 டிகிரி செல்சியசைத் தாண்டிச் சூடாகும். அந்தச் சூட்டில் பெரும்பகுதி வால்வு மூடியிருக்கும் நேரத்தில் சீட் வழியாக ஹெட்டுக்கும், அங்கிருந்து தண்ணீருக்கும் போகிறது. மிச்சம் தண்டு, கைடு வழியாக. சீட்டில் ஓரிடத்தில் பொருந்தாவிட்டால் அந்த இடத்தில் சூடு வெளியேற வழியில்லை. போதாததற்கு, எரியும் வாயு அந்த இடுக்கு வழியாகக் கேஸ் வெல்டிங் சுடர்போலப் பீறிட்டு உலோகத்தை அரித்துக்கொண்டே போகும். வைகாசியில் பேஸ்ட் தடவி முடித்திருக்கக்கூடிய வேலை, ஆடி வரை ஓட்டினால் புது வால்வு கேட்கும். அதற்கும் மேல் ஓட்டினால் சீட்டையும் சேர்த்துக் கேட்கும். ஏத்தன் வாழை குலை தள்ளும் நேரத்தில் தண்ணீர் தவறக் கூடாது என்று ஓட்டுகிறவர்களின் நிலை எனக்குப் புரிகிறது. அப்படியானால் சுமையைக் குறைத்து, வேகத்தைக் குறைத்து, தினமும் கொஞ்ச நேரம் மட்டும் ஓட்டலாம். கம்ப்ரஷன் முற்றிலும் போய் எஞ்சின் எடுக்கவே மறுக்கும் வரை இழுக்க வேண்டாம்.

இனி கைடு. ஹெட்டைக் கழற்றி, ஸ்பிரிங்கையும் லாக்கையும் எடுத்துவிட்டு, வால்வைத் தூக்கும் உயரத்துக்குத் தூக்கிப் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள். புதிய கைடில் தண்டுக்கும் துளைக்கும் உள்ள இடைவெளி ஒரு மில்லிமீட்டரில் இருபதில் ஒரு பங்கு அளவில்தான் இருக்கும். கையில் ஆட்டம் ஏறக்குறைய தெரியவே தெரியாது. தலை பளிச்சென்று இடமும் வலமும் அசைந்தால் கைடு போய்விட்டது என்று அர்த்தம். புதிய வால்வு ஒன்றை அதே கைடில் போட்டுப் பார்த்தால் தேய்ந்தது தண்டா, கைடா என்பதும் தெரிந்துவிடும். லிஸ்டர் ரகத்தில் ராக்கருக்கும் வால்வுத் தண்டுக்கும் கையால்தான் எண்ணெய் விட வேண்டும். விடாத எஞ்சினில் கைடு முட்டை வடிவத்தில் தேய்ந்திருக்கும். 2023 டிசம்பர் வெள்ளத்தில் தாமிரபரணிக் கரையில் தண்ணீருக்குள் கிடந்து, பிறகு துடைத்து ஓட்டப்பட்ட எஞ்சின்களில் இன்னொரு குறையும் பார்க்கலாம்: தண்டில் பிடித்த துரு கைடை உள்ளிருந்தே அரம் வைத்ததுபோல் ராவிவிடும்.

கைடு ஆடினால் வால்வு ஒவ்வொரு முறையும் வேறு வேறு இடத்தில் உட்காரும். சீட் எவ்வளவு அழகாக வெட்டப்பட்டிருந்தாலும் அதில் அது இரண்டு முறை ஒரே மாதிரி உட்காராது. மேலும், சீட் வெட்டும் கட்டரின் நடுக்கம்பி கைடு துளைக்குள்தான் நிற்கிறது. துளை கோணலாக இருந்தால் வெட்டப்படும் சீட்டும் கோணல்தான். கைடு, அதன் பின் சீட், அதன் பின் வால்வு என்ற வரிசையை மாற்றுகிற எந்த வேலையும் காசைக் கரைக்கிற வேலை.

கைடு நன்றாக இருக்கிறது, வால்வு முகத்தில் சிறு புள்ளிகளும் கரியும் மட்டுமே என்றால் கையால் அரைப்பதை மிஞ்சிய வழி இல்லை. ஒரு டப்பா கிரைண்டிங் பேஸ்ட், ரப்பர் உறிஞ்சி வைத்த ஒரு கட்டை, ஒரு லிட்டர் மண்ணெண்ணெய், ஒரு புது ஹெட் கேஸ்கெட், ஒரு பகல். முதலில் கரியைப் பித்தளைத் தூரிகையால் தேய்த்து எடுக்க வேண்டும். டப்பாவின் ஒரு பக்கம் கரகரப்பான பேஸ்ட், மறுபக்கம் மெல்லியது. புள்ளி அதிகமாக இருந்தால் மட்டும் கரகரப்பானதில் தொடங்குங்கள். கட்டையை இரு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்து மத்து கடைவதுபோல முன்னும் பின்னும் உருட்ட வேண்டும்; நாலைந்து உருட்டலுக்கு ஒரு முறை வால்வைத் தூக்கிக் கால் சுற்று திருப்பி வைக்க வேண்டும். தூக்காமல் ஒரே இடத்தில் அரைத்தால் வட்டக் கோடுகள் விழுந்து அவை வழியாகவே கசியும். டிரில் மிஷினில் மாட்டிச் சுற்றுகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும். நேரம் மிச்சமாகும், சீட் போய்விடும்.

வால்விலும் சீட்டிலும் அறுபடாத, ஒரே அகலமுள்ள சாம்பல் நிற வளையம் தெரிந்தால் நிறுத்திவிடலாம். பென்சிலால் வால்வு முகத்தில் குறுக்கே சில கோடுகள் போட்டு, காய்ந்த சீட்டில் வைத்து லேசாகத் திருப்பினால் எல்லாக் கோடுகளும் நடுவில் அழிய வேண்டும். அழியாத கோடு இருக்கும் இடத்தில் பொருத்தம் இல்லை. அடுத்து, ஸ்பிரிங் மாட்டி, எக்ஸாஸ்ட் துளைக்குள் டீசல் ஊற்றிப் பத்து நிமிடம் காத்திருந்து, மறுபக்கம் வால்வு ஓரத்தில் ஈரம் கசிகிறதா என்று பாருங்கள். முடிந்ததும் பேஸ்டை மண்ணெண்ணெயில் துணி முக்கித் துளிகூட இல்லாமல் துடைக்க வேண்டும். கைடுக்குள் தங்கிவிட்ட பேஸ்ட், எஞ்சின் ஓட ஓடக் கைடை அரைத்துக்கொண்டே இருக்கும்.

கையால் அரைப்பதற்கு எல்லை உண்டு. ஆழமான குழி, கருகிய வாய்க்கால், வளைந்த தலை இவற்றைப் பேஸ்ட் சரிசெய்யாது. சரிசெய்ய முயன்றால் சீட் அகலமாகிக்கொண்டே போகும். இந்த அளவு எஞ்சின்களில் சீட்டின் முகம் ஒன்றரை முதல் இரண்டு மில்லிமீட்டர் வரை இருந்தால் நல்லது. அகலமானால் அழுத்தம் பரவிவிடும், கரித்துணுக்கு நசுங்காமல் இடையில் உட்கார்ந்து வால்வைத் தூக்கிப் பிடிக்கும். மிகக் குறுகினால் சூடு இறங்க வழி இருக்காது.

அங்கேதான் லேத் பட்டறை வருகிறது. வால்வை மிஷினில் 45 டிகிரிக்கு முகம் எடுப்பார்கள். பிறகு ஹெட்டில் சீட்டைக் கட்டரால் வெட்டி, 30, 60 டிகிரி கட்டர்களால் மேலும் கீழும் சீவி அகலத்தைக் குறைப்பார்கள். (உங்கள் எஞ்சினின் கோணம் வேறாக இருந்தால் அதைச் சொல்லிக் கொடுக்க வேண்டும், எல்லாவற்றுக்கும் 45 என்று பட்டறையில் நினைத்துக்கொள்வார்கள்.) கூலி அதிகமில்லை. கைடு நன்றாக இருக்கும் ஹெட்டுக்கு இது மிக நல்ல வழி. ஆனால் 'கைடு கொஞ்சம் ஆடுகிறது அண்ணாச்சி, சீட்டை மட்டும் வெட்டித் தந்துவிடட்டுமா?' என்று பட்டறைக்காரர் கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள். அவர் நல்ல மனதோடுதான் கேட்கிறார், செலவைக் குறைத்துத் தரலாம் என்று. ஒரு பூவுக்குள் (ஒரு சாகுபடிப் பருவத்துக்குள்) மீண்டும் அதே 'உஸ்' கேட்கும். அப்போது கேஸ்கெட், கூலி, இறைப்பு நின்ற நாட்கள் எல்லாம் இரண்டாவது முறை.

முகம் எடுத்த பழைய வால்வை மீண்டும் போடலாமா என்பதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. வால்வுத் தலையின் மேல் விளிம்பில், சரிவு தொடங்கும் முன், நேர்க்குத்தாக ஓர் உதடு இருக்கும். முகம் எடுத்த பிறகும் அது ஒரு மில்லிமீட்டருக்குக் குறையாமல் இருந்தால் போடலாம். கத்தி முனைபோல ஆகிவிட்டால் அந்த விளிம்பு சிவந்து உருகும். எக்ஸாஸ்ட் வால்வு விஷயத்தில் நான் சந்தேகத்தின் பலனைப் பழைய வால்வுக்குக் கொடுப்பதில்லை. புதியது வாங்கிவிடுவது உத்தமம். வாங்கும்போது எக்ஸாஸ்ட் வால்வு என்றே கேட்டு வாங்குங்கள். சில எஞ்சின்களில் இன்லெட்டும் எக்ஸாஸ்டும் அளவில் ஒன்றாக இருக்கும், உலோகம் வேறு. சூடு தாங்காத உலோகத்தை எக்ஸாஸ்ட் இடத்தில் போட்டால் எவ்வளவு நன்றாக அரைத்தும் பயனில்லை.

பழைய வார்ப்பிரும்பு ஹெட்டுகள் பலவற்றில் சீட் தனி வளையமாக இருக்காது, ஹெட்டிலேயே வெட்டியிருப்பார்கள். ஒவ்வொரு முறை வெட்டும்போதும் வால்வு ஒரு மயிரிழை உள்ளே இறங்கும். இறங்கினால் என்ன என்று கேட்பவர்களுக்காக: 80 மில்லிமீட்டர் போர் (சிலிண்டரின் விட்டம்), 110 மில்லிமீட்டர் ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஓடும் தூரம்) உள்ள 5 குதிரைத்திறன் எஞ்சினின் கொள்ளளவு 553 மில்லி, கம்ப்ரஷன் விகிதம் 16.5 என்றால் பிஸ்டன் மேலே வந்து நிற்கும்போது காற்றுக்கு மிஞ்சும் இடம் 36 மில்லிக்கும் குறைவு. 35 மில்லிமீட்டர் தலையுள்ள ஒரு வால்வு ஒரு மில்லிமீட்டர் இறங்கினால் அதில் கிட்டத்தட்ட ஒரு மில்லி கூடும், விகிதம் 16.1 ஆகும். இரண்டு வால்வுமே அப்படி இறங்கியிருந்தால் 15.7. மார்கழிக் காலையில் ஹேண்டில் போடுகிறவர் இந்த வித்தியாசத்தைத் தோளில் உணர்வார். அந்த நிலைக்கு வந்த ஹெட்டை மறுபடி வெட்டாமல், சீட் இருந்த இடத்தைக் குடைந்து புதிய வளையம் அடிக்கச் சொல்ல வேண்டும். வளையம் துளையைவிட இம்மியளவு பெரிதாக இருக்கும். ஹெட்டைச் சூடாக்கி, வளையத்தைக் குளிரவைத்து இறக்குவார்கள். இதைச் சரியாகச் செய்ய அனுபவமுள்ள கை வேண்டும். தளர்வாக அடித்த வளையம் ஓடும்போது கழன்று விழுந்தால் பிஸ்டன், ஹெட் எல்லாம் போய்விடும். ஆகவே உள்ளூரில் 'பார்த்துக்கலாம்' என்று சொல்பவரிடம் கொடுக்காமல், திருநெல்வேலிக்கோ நாகர்கோவிலுக்கோ எடுத்துப்போய், எஞ்சின் ஹெட் வேலையே தொழிலாகச் செய்யும் பட்டறையில் கொடுப்பது நல்லது.

கைடும் ஆடுகிறது, சீட்டும் அரித்திருக்கிறது என்றால் மூன்றையும் சேர்த்துச் செய்வதுதான் என் தேர்வு. முதல் செலவு, கையால் அரைக்கும் செலவைப்போலப் பல மடங்கு வரும். அதை ஒளிக்க வேண்டியதில்லை. எதிர்ப்பக்கத்தில் டீசலை வைத்துப் பாருங்கள். 5 குதிரைத்திறன் எஞ்சின் முழுச் சுமையில் மணிக்கு ஒரு லிட்டருக்குச் சற்று மேல் குடிக்கும். கம்ப்ரஷன் குறைந்த எஞ்சின் அதே டீசலைக் கறுப்புப் புகையாகத் தள்ளிவிட்டுக் குறைவான தண்ணீரை இறைக்கும். அதே பாத்திக்கு ஓட்டும் நேரம் நீளும். வேலைக்கு முன்பும் பின்பும் அளந்த டீசலில் எத்தனை பாத்தி பாய்ந்தது என்று குறித்து வைத்துக்கொண்டால், போட்ட செலவு எத்தனை மாதத்தில் திரும்பும் என்பது உங்கள் கணக்கிலேயே தெரிந்துவிடும். வருடத்தில் சித்திரை, வைகாசியில் மட்டும் சில நாட்கள் ஓடும் எஞ்சினுக்கு இந்தக் கணக்கு கட்டாமல் போகலாம். அப்படிப்பட்டவருக்குக் கைடு சற்று ஆடினாலும் கையால் அரைத்து ஓட்டிக்கொள்ளுங்கள் என்றே சொல்வேன், அடுத்த வருடமும் அரைக்க வேண்டிவரும் என்று தெரிந்துகொண்டு. பிசான நெல்லுக்கும் வாழைக்கும் இரண்டுக்கும் சேர்த்து ஓட்டுகிறவருக்கு அது கட்டாது.

ஹெட்டையே மாற்றுவது ஒரே ஒரு சூழலில்தான் தேவை: இரண்டு வால்வுகளுக்கும் நடுவில் வெடிப்பு. கரியைத் துடைத்துவிட்டு அந்தப் பாலத்தை உற்றுப் பாருங்கள். சந்தேகம் இருந்தால் தண்ணீர்ப் பாதையை அடைத்து அழுத்தம் கொடுத்துச் சோதிக்கச் சொல்லுங்கள். வெடித்த வார்ப்பிரும்பை வெல்டிங் வைத்து ஓட்டலாம் என்பவரை நான் நம்புவதில்லை. பழைய இரும்புக் கடையில் வாங்கும் இன்னொரு ஹெட் பெரும்பாலும் இன்னொருவர் கைவிட்ட ஹெட். வாங்கினால் அதன் கைடையும் ஆட்டிப் பார்த்து வாங்க வேண்டும். புதிய ஹெட் கிடைத்தால் யோசிக்கவே வேண்டாம்.

எஞ்சினை விற்றுவிட்டு மோட்டாரோ மானியத்தில் சோலார் பம்ப்செட்டோ போடலாமே என்று சிலர் கேட்பார்கள். இணைப்பு கிடைக்கும் இடத்தில் தாராளமாகப் போடலாம். ஆனால் அது நிலத்தையும் கிணற்றையும் பொறுத்த முடிவு, வால்வு கசிந்ததால் அவசரத்தில் எடுக்க வேண்டிய முடிவு அல்ல. கசிந்த எஞ்சினுக்குக் கிடைக்கும் விலையும் இரும்பு விலைதான்.

எந்த வழியில் போனாலும் ஹெட் இறக்கியிருக்கும்போதே டீசலைப் பீச்சும் நாசிலையும் சோதனைக்குக் கொடுத்துவிடுங்கள். சொட்டுகிற நாசில் வால்வின் மேல் கரியை ஏற்றும், புது வால்வையும் பழையதின் வழிக்கே கொண்டுபோகும். ஸ்பிரிங் புதியதைவிடக் குட்டையாகிவிட்டிருந்தால் மாற்றுங்கள். ஹெட்டைப் பூட்டும்போது நட்டுகளை எதிரெதிராக, கொஞ்சம் கொஞ்சமாக இறுக்க வேண்டும். ஒரு மணி நேரம் சுமையில் ஓட்டி, ஆறவிட்டு, மறுபடி ஒரு சுற்று இறுக்கி, அதற்குப் பிறகே டேப்பெட் இடைவெளியை வைக்க வேண்டும். கேஸ்கெட் அமுங்கினால் அந்த இடைவெளி மாறிவிடும். அரைத்த வால்வு முதல் சில நாட்களில் சற்று உள்ளே அமரும், ஆகவே ஒரு வாரம் ஓடிய பின் ஃபீலர் கேஜை இன்னொரு முறை வைத்துப் பாருங்கள்.